பழைய புரொப்பல்லர் விமானங்கள்: எவை எப்படித் தப்பின, எங்கே போய்ப் பார்ப்பது

ரைட் சகோதரர்கள் காலம் தொட்டு ஜெட் வருவதற்கு முன்பு வரை பறந்த புரொப்பல்லர் விமானங்களை இன்று எங்கே பார்க்கலாம், அவற்றில் அசல் எது, நகல் எது, இன்னும் பறப்பவை எவை என்பது கேள்வி. ஊர்ப்பெயர்களை வரிசையாக எழுதிக் கொடுத்துவிடலாம். ஆனால் அதை வைத்துக்கொண்டு போனால் எதிரே நிற்பது என்ன என்றே புரியாமல் திரும்ப வேண்டியிருக்கும். ஒரு விமானம் எப்படிப் பிழைத்தது என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. புகழடைந்த கையோடு பத்திரப்படுத்தப்பட்டவை ஒரு வகை. ஏரியிலும் சேற்றிலும் கிடந்து மீண்டவை இன்னொரு வகை. ஓய்வில்லாமல் உழைத்ததால் பழைய இரும்புக்குப் போகாமல் நின்றவை மூன்றாவது வகை. ஒவ்வொன்றிலும் பார்க்க வேண்டியது வேறு.

முதல் வகையின் தலைமகன் 1903-ஆம் ஆண்டின் ரைட் ஃப்ளையர். வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் தேசிய வான்வெளி மியூசியத்தில் இருக்கிறது. 1903 டிசம்பர் 17 அன்று அது நான்கு முறை பறந்தது. முதல் முறை 12 விநாடி, 120 அடி. நான்காவது முறை 59 விநாடி, 852 அடி. தரையில் நிறுத்தியிருந்தபோது அன்றைக்கே பலத்த காற்று அதைப் புரட்டி உடைத்துவிட்டது. அதன்பின் அது பறக்கவே இல்லை. மனிதனைச் சுமந்து பறக்கவல்ல முதல் விமானம் தன் முன்னாள் செயலர் லாங்லியுடையதே என்று ஸ்மித்சோனியன் சொல்லிக்கொண்டிருந்ததால் கோபமடைந்த ஆர்வில் ரைட், 1928-இல் ஃப்ளையரை லண்டன் சயின்ஸ் மியூசியத்துக்கு அனுப்பிவிட்டார். 1948-இல்தான் அது அமெரிக்காவுக்குத் திரும்பியது. மேலே போர்த்தியிருக்கும் துணி அசல் அல்ல. 1927-இலும் 1985-இலும் மாற்றப்பட்டது. எனவே துணியில் நேரம் செலவிடாமல் எஞ்சினிலிருந்து இரண்டு புரொப்பல்லர்களுக்கும் போகும் சங்கிலிகளைப் பாருங்கள். ஒரு சங்கிலி நேராகப் போகும். மற்றது எட்டு வடிவில் குறுக்கே முறுக்கிப் போகும். புரொப்பல்லர்கள் இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுழல வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. ஒரே திசையில் சுழன்றிருந்தால் விமானத்தை ஒரு பக்கமாகச் சாய்த்திருக்கும்.

ரைட் சகோதரர்களின் வேலையை உண்மையில் புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டனுக்குப் போக வேண்டும். அங்கே கரிலன் பூங்காவில் இருக்கும் 1905-ஆம் ஆண்டின் மூன்றாவது ஃப்ளையர்தான் நினைத்தபடி திருப்பி, வட்டமடித்து, நெடுநேரம் பறக்க முடிந்த முதல் விமானம். அந்த ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி 39 நிமிடம், 24 மைல் பறந்தது. ஆர்வில் உயிரோடிருந்தபோதே, அவருடைய மேற்பார்வையில் அதைச் செப்பனிடத் தொடங்கினார்கள். வாஷிங்டனில் இருப்பதற்குக் கூட்டம் அலைமோதும். இதன் அருகே நிதானமாக நின்று பார்க்கலாம்.

வாஷிங்டனிலேயே லிண்ட்பெர்க் 1927 மே மாதம் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்கு முப்பத்து மூன்றரை மணி நேரம் தனியாக ஓட்டிச் சென்ற ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ் இருக்கிறது. விமானிக்கு முன்புறக் கண்ணாடி கிடையாது. விபத்து நேர்ந்தால் எஞ்சினுக்கும் டேங்குக்கும் நடுவே நசுங்கக் கூடாது என்று பெரிய பெட்ரோல் டேங்கைத் தனக்கு முன்னால் வைக்கச் சொன்னார் லிண்ட்பெர்க். முன்னே பார்க்கச் சின்ன பெரிஸ்கோப்தான். மூக்குப்பகுதி பொன்னிறமாகத் தெரிவதைப் பார்த்துப் பலரும் அதுதான் அசல் நிறம் என்று நினைக்கிறார்கள். அசல் நிறம் வெள்ளி. எழுத்துகளும் கொடிகளும் அழியாமலிருக்கப் பிற்பாடு பூசிய வார்னிஷ் பழுத்துப் போனதால் வந்த நிறம் அது. இந்த மியூசியத்தில் பல ஆண்டுகளாகவே பகுதி பகுதியாகப் புதுப்பிப்பு வேலை நடக்கிறது. நுழைவு இலவசம் என்றாலும் நேரம் குறித்த சீட்டை முன்கூட்டியே எடுக்க வேண்டும். எடுக்கும்போதே நீங்கள் தேடும் விமானம் அன்று காட்சியில் இருக்கிறதா என்றும் மியூசியத்தின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

ஐரோப்பாவில் இந்த வகையில் முதலிடம் பாரிஸுக்கு. 1909 ஜூலை 25 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடந்த பிரெஞ்சு விமானி பிளேரியோவின் அதே விமானம் ஆர்ஸ் எ மெத்தியே மியூசியத்தில், ஒரு பழைய மடாலயத் தேவாலயத்தின் கூரையிலிருந்து தொங்குகிறது. நகரின் வடக்கே லெ பூர்ஷே விமானத் தளத்தில் இருக்கும் பிரெஞ்சு வான்வெளி மியூசியத்தில் 1930-இல் பாரிஸிலிருந்து நியூயார்க் போன கொஸ்த், பெலோந்த் இருவரின் பிரெகே விமானம் இருக்கிறது. சிவப்பு உடலில் வெள்ளைக் கேள்விக்குறி வரைந்திருக்கும். அங்கே பலர் கவனிக்காமல் கடந்துபோகும் பொருள் ஒன்று உண்டு. லிண்ட்பெர்க்குக்குப் பன்னிரண்டு நாள் முன்பு அதே கடலைக் கடக்கப் புறப்பட்டு மறைந்துபோன நஞ்செஸ்ஸே, கோலி ஆகியோரின் விமானச் சக்கரத் தொகுதி. எடை குறைப்பதற்காகப் புறப்பட்டதுமே அதைக் கழற்றிக் கீழே விட்டார்கள். அந்த விமானத்தில் மிஞ்சியது அது மட்டுமே.

1919-இல் நிற்காமல் அட்லாண்டிக் கடந்த அல்காக், பிரவுன் இருவரின் விக்கர்ஸ் விமி லண்டன் சயின்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. எமி ஜான்சன் 1930-இல் ஆஸ்திரேலியாவுக்குத் தனியாக ஓட்டிச் சென்ற ஜிப்சி மாத் விமானமும் அங்கேதான். தென் அட்லாண்டிக்கை 1922-இல் கடந்த போர்த்துக்கீசியர்களின் சாந்தா குரூஸ் லிஸ்பனின் கடற்படை மியூசியத்தில் இருக்கிறது. வேகத்தில் ஆர்வமுள்ளவர்கள் ரோமுக்கு வடக்கே பிராச்சானோ ஏரிக்கரையில் இருக்கும் விக்னா டி வல்லே மியூசியத்தைத் தவறவிடக் கூடாது. 1934-இல் மணிக்கு 709 கிலோமீட்டர் பறந்த மக்கி எம்.சி.72 மிதவை விமானம் அங்கே இருக்கிறது. பிஸ்டன் எஞ்சின் கடல்விமானங்களில் அந்த வேகத்தை இன்றுவரை எதுவும் மிஞ்சவில்லை. ஒரே அச்சில் இரண்டு புரொப்பல்லர்கள் எதிரெதிராகச் சுழலும். அத்தனை பலமான எஞ்சினுக்கு ஒற்றை புரொப்பல்லர் போட்டிருந்தால் அதன் முறுக்கு விசையே ஒரு பக்கத்து மிதவையை நீருக்குள் அமுக்கிவிடும்.

பயணத்தில் விமானம் மாறும் நேரத்திலேயே பார்த்துவிடக் கூடியவையும் உண்டு. 1919-இல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு 28 நாளில் வந்த ஸ்மித் சகோதரர்களின் விமி அடிலெய்டு விமான நிலையத்தில் இருக்கிறது. 1928-இல் பசிபிக் கடலைக் கடந்த கிங்ஸ்ஃபோர்டு ஸ்மித்தின் சதர்ன் கிராஸ் பிரிஸ்பேன் விமான நிலைய வளாகத்தில் கண்ணாடிக் கூடத்துக்குள் நிற்கிறது. அதே 1928-இல் அட்லாண்டிக்கைக் கிழக்கிலிருந்து மேற்காக முதன்முதலில் கடந்த யுங்கர்ஸ் விமானம் ஜெர்மனியின் பிரேமன் விமான நிலையத்தில் இருக்கிறது. எதிர்க்காற்றில் பறக்க வேண்டியிருப்பதால் அந்தத் திசைதான் கடினமானது.

இனி நீரிலிருந்து வந்தவை. எனக்கு மிகவும் பிடித்த வகை இதுதான். கண்ணாடிபோல் பளபளக்கும் விமானத்தைவிட இவை அதிகம் சொல்லும். லண்டனுக்குத் தென்மேற்கே வேபிரிட்ஜில் இருக்கும் புரூக்லேண்ட்ஸ் மியூசியத்தின் வெலிங்டன் குண்டுவீச்சு விமானம் 1940 டிசம்பர் 31 அன்று ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் இறங்கி மூழ்கியது. 1985-இல் தூக்கினார்கள். மேல்துணி பெரும்பாலும் போய்விட்டது. அதுவே நமக்கு வாய்ப்பாகிவிட்டது. உடல் முழுவதும் குறுக்கும் மறுக்குமாகக் கூடைபோல் பின்னிய அலுமினியச் சட்டங்கள் திறந்தபடி தெரியும். பார்ன்ஸ் வாலிஸ் உருவாக்கிய இந்த அமைப்பில் ஒரு சட்டம் குண்டடிபட்டு அறுந்தாலும் சுமை பக்கத்துச் சட்டங்களுக்கு மாறிவிடும். உடலில் பெரிய ஓட்டைகளோடு வெலிங்டன்கள் வீடு திரும்பியதன் ரகசியம் இந்தப் பின்னல்தான். முழு வெலிங்டன்கள் உலகில் இரண்டே. மற்றொன்று ராயல் ஏர்ஃபோர்ஸ் மியூசியத்தினுடையது. இரண்டில் ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் புரூக்லேண்ட்ஸ் போங்கள்.

நன்னீரில் கிடந்தவை நல்ல நிலையில் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. ஆழமான ஏரியின் அடியில் தண்ணீர் குளிர்ந்திருக்கும், ஆக்சிஜன் குறைவு, உப்பு இல்லை. பின்லாந்தின் பிரூஸ்டர் பி.டபிள்யூ-372 போர்விமானம் 1942-இல் ஒரு ஏரியில் இறங்கி, 1998-இல் வெளியே வந்தது. டிக்ககோஸ்கியில் இருக்கும் பின்லாந்து விமானப்படை மியூசியத்தில் அதைப் புதுப்பிக்காமல் வந்த கோலத்திலேயே வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பென்சகோலா கடற்படை விமான மியூசியத்திலும் மிச்சிகன் ஏரியிலிருந்து எடுத்த விமானங்கள் பல உண்டு. போர்க்காலத்தில் அந்த ஏரியில் இரண்டு பயிற்சிக் கப்பல்களை ஓட்டிப் புதிய விமானிகளுக்குக் கப்பலில் இறங்கக் கற்றுக்கொடுத்தார்கள். தவறவிட்டவர்களின் விமானங்கள் ஏரிக்குள் போயின. பென்சகோலா மியூசியம் கடற்படைத் தளத்துக்குள் இருப்பதால் பொதுமக்கள் நுழைவு விதிகள் அவ்வப்போது மாறும். கிளம்பும் முன் விசாரிக்க வேண்டும்.

கடல்நீர் என்றால் கதையே வேறு. 1940 ஆகஸ்டில் வீழ்ந்த ஜெர்மன் டோர்னியர் 17 ஒன்றை 2013-இல் ஆங்கிலக் கால்வாயின் குட்வின் மணல்திட்டிலிருந்து தூக்கினார்கள். உலகில் எஞ்சிய ஒரே டோர்னியர் 17 அது. கடலடியில் மெதுவாக நடந்த அரிப்பு, காற்றுப் பட்டதும் வேகம் பிடிக்கும். உலோகத்தின் இண்டுஇடுக்கில் ஊறிய குளோரைடு உப்புதான் எதிரி. எஃகு ஆணி அலுமினியத்தைத் தொடும் இடங்களில் அலுமினியம் முதலில் கரையும். அதனால் இங்கிலாந்தின் கோஸ்ஃபோர்டு மியூசியத்தில் பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் வைத்து, மிதமான சிட்ரிக் அமிலக் கரைசலை நாள்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில் தெளித்து உப்பை வெளியேற்றினார்கள். இதைப் பார்க்கப் போகிறவர்கள் முழு விமானத்தை எதிர்பார்க்கக் கூடாது. அரித்த தகடுகளும் வளைந்த புரொப்பல்லர்களும்தான் இருக்கும். போரின் மிச்சம் அப்படித்தான் இருக்கும்.

சேற்றில் கிடந்ததற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஹவாயின் பேர்ல் ஹார்பர் விமான மியூசியத்தில் இருக்கும் பி-17 குண்டுவீச்சு விமானம், ‘ஸ்வாம்ப் கோஸ்ட்’. 1942-இல் பாப்புவா நியூகினியின் சதுப்பில் சக்கரம் இறக்காமல் வயிற்றால் தரையிறங்கியது. 2006-இல்தான் வெளியே எடுத்தார்கள். புல் வளர்ந்த சதுப்பில் மெத்தென்று இறங்கியதால் கட்டமைப்பு பெரிதாக உடையவில்லை. வண்ணம் பூசி மறைக்காமல் விட்டிருப்பதால், போரில் பட்ட அடி எது, காலத்தால் வந்த சிதைவு எது என்று பக்கத்தில் நின்று பிரித்துப் பார்க்கலாம்.

மூன்றாவது வகை, உழைத்தே தப்பியவை. இதில் லிபரேட்டர் பி-24 குண்டுவீச்சு விமானத்தின் கதை இந்தியாவோடு பின்னியது. பதினெட்டாயிரத்துக்கும் மேல் செய்யப்பட்ட விமானம். போர் முடிந்ததும் ஏறக்குறைய எல்லாமே உருக்கப்பட்டன. கான்பூரில் பிரிட்டிஷார் விட்டுப்போனவற்றை யாரும் பயன்படுத்தக் கூடாது என்று வேண்டுமென்றே சேதப்படுத்தியிருந்தார்கள். இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தார் அவற்றிலிருந்து சுமார் நாற்பதைத் தேற்றி, பறக்கும் அளவுக்கு ஒட்டுப்போட்டு, பெங்களூருக்கு ஓட்டிச் சென்று முழுமையாகச் செப்பனிட்டார்கள். இந்திய விமானப்படை அவற்றை 1968 வரை பறக்கவிட்டது. அதன்பின் வெளிநாட்டு மியூசியங்கள் பல லிபரேட்டர் தேடி வந்த இடம் இந்தியா. அரிசோனாவின் பீமா மியூசியம், ஒட்டாவாவின் கனடா விமான மியூசியம், பிரிட்டனின் ராயல் ஏர்ஃபோர்ஸ் மியூசியம் ஆகியவற்றில் நிற்கும் லிபரேட்டர்கள் எல்லாம் இந்தியாவிலிருந்து போனவை. ஒன்று டெல்லி பாலம் விமானப்படை மியூசியத்திலேயே இருக்கிறது. அதே பாலத்தில் வெஸ்ட்லேண்ட் வாபிட்டி ஒன்றும் உண்டு. 1933-இல் இந்திய விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன் தொடங்கியபோது இருந்த வகை. உலகில் முழுமையாக மிஞ்சியது அது ஒன்றுதான். பாலம் போகிறவர்கள் ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் முன்னால் நின்று படம் எடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். ஸ்பிட்ஃபயரை எத்தனையோ நாடுகளில் பார்க்கலாம். வாபிட்டியை வேறெங்கும் பார்க்க முடியாது.

டகோட்டா எனப்படும் டிசி-3, சி-47 விமானங்கள் ஏராளமாகப் பிழைத்ததற்கும் காரணம் உழைப்புதான். 1935 டிசம்பர் 17 அன்று முதலில் பறந்த வடிவம். கனடாவின் எல்லோநைஃபில் பஃபலோ ஏர்வேஸ் அதைத் தொழிலுக்கே ஓட்டியது. பார்ப்பது டிசி-3 பயணி விமானமா, ராணுவ சி-47-ஆ என்று அறிய இடப்பக்கப் பின்கதவைப் பாருங்கள். ஜீப் ஏற்றும் அகலத்துக்கு இரட்டைக் கதவு இருந்தால் சி-47. நார்மண்டி படையிறக்கத்தில் முன்னணியில் சென்ற ‘தட்ஸ் ஆல், பிரதர்’ என்ற சி-47, டர்போ எஞ்சின் மாட்டப்படுவதற்காக விஸ்கான்சினில் ஒரு முற்றத்தில் காத்துக் கிடந்தபோது 2015-இல் அடையாளம் காணப்பட்டது. காட்டிக்கொடுத்தது அதன் தொடர் எண். இப்போது அது மீண்டும் பறக்கிறது. பல பி-17 விமானங்கள் காட்டுத்தீ அணைக்கத் தண்ணீர் சுமந்ததால் பிழைத்தன. மார்ஸ் என்ற மாபெரும் கடல்விமானங்களும் அப்படியே. அவற்றில் ஒன்று 2024 ஆகஸ்டில் கடைசியாகப் பறந்து, கனடாவின் விக்டோரியா அருகே பிரிட்டிஷ் கொலம்பியா விமான மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பறப்பவற்றைப் பார்ப்பது தனிக் கலை. இங்கே கொஞ்சம் நிதானித்துச் சொல்ல வேண்டும். வானத்தில் பறப்பதைப் பார்க்க எல்லோரும் வருவார்கள். எஞ்சின் கிளப்புவதைப் பார்க்க வருகிறவர்கள் குறைவு. ஆனால் விமானத்தின் குணம் தெரிவது அங்கேதான்.

ரேடியல் எஞ்சினில் சிலிண்டர்கள் வட்டமாக அமைந்திருக்கும். விமானம் நின்றிருக்கும்போது ஆயில் மெல்லக் கசிந்து, கீழே தலைகீழாக இருக்கும் சிலிண்டர்களுக்குள் தேங்கும். ஆயிலை அழுத்திச் சுருக்க முடியாது. அப்படியே ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் ஆயிலில் முட்டி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சில நேரம் அன்றைக்குத் தெரியாமல் சில மணி நேரப் பறப்புக்குப் பிறகு உடையும். அதுதான் இன்னும் ஆபத்து. அதனால் ஸ்டார்ட் செய்வதற்கு முன் இரண்டு மூன்று பேர் புரொப்பல்லரைக் கையால் சுற்றுவார்கள். எத்தனை பிளேடு என்று எண்ணுவதைக் கவனியுங்கள். டகோட்டாவின் எஞ்சினில் கியர் விகிதம் 16-க்கு 9. அதாவது எஞ்சினின் கிராங்க் தண்டு 16 சுற்றுச் சுற்றினால் புரொப்பல்லர் 9 சுற்றுச் சுற்றும். எல்லாச் சிலிண்டரும் ஒருமுறை அழுத்த நிலையைத் தாண்ட கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும்; அப்போது புரொப்பல்லர் ஒரு சுற்றுக்குச் சற்று மேல் நகரும். மூன்று பிளேடு புரொப்பல்லர் என்றால் குறைந்தது நான்கு பிளேடு கடக்க வேண்டும். நிச்சயத்துக்காக அதைவிட நிறையவே சுற்றுவார்கள். நடுவில் முட்டி நின்றால் பலத்தால் தள்ளக் கூடாது, பின்னோக்கியும் சுற்றக் கூடாது. பின்னோக்கிச் சுற்றினால் ஆயில் உள்ளிழுப்புக் குழாய்க்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எஞ்சின் கிளம்பியதும் திரும்ப உறிஞ்சப்பட்டு அதே சேதத்தைச் செய்யும். கீழ்ச் சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஆயிலை வடிப்பதே வழி.

கிளம்பும்போது வரும் நீலம் கலந்த வெண்புகை அந்த மிச்ச ஆயில் எரிவது. அதைப் பார்த்துப் பதற வேண்டாம். தொடர்ந்து கரும்புகை வந்தால் பெட்ரோல் கலவை அதிகம். உள்ளிழுப்புக் குழாயில் தீ பிடித்தால் எஞ்சினை நிறுத்தமாட்டார்கள். தொடர்ந்து சுற்றித் தீயை உள்ளே இழுத்து அணைப்பார்கள். தீயணைப்பானோடு ஒருவர் பக்கத்தில் நிற்பதும் அதற்காகத்தான்.

ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சின் நீர்க்குளிர்ச்சி வகை. தரையில் நிற்கும்போது ரேடியேட்டருக்குப் போதிய காற்றுக் கிடைக்காது. சில நிமிடங்களில் சூடேறிவிடும். எனவே ஸ்டார்ட் செய்தால் உடனே கிளம்பும். சாவகாசமாக வந்து நிற்கலாம் என்று நினைத்தால் தவறவிடுவீர்கள். பார்வையாளர் கயிற்றுக்கு அருகே முன்னதாகவே இடம்பிடியுங்கள். அது ரன்வேக்குப் போகும்போது பாம்புபோல் வளைந்து வளைந்து போகும். நீண்ட மூக்கு விமானியின் பார்வையை மறைப்பதால் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தே போக வேண்டும். ஹார்வர்டு பயிற்சி விமானத்தின் காதைக் கிழிக்கும் இரைச்சல் எஞ்சினுடையது என்று பலர் நினைக்கிறார்கள். அதில் புரொப்பல்லருக்குக் கியர் கிடையாது. பிளேடு நுனி ஒலியின் வேகத்தை நெருங்குவதால் எழும் சத்தம் அது.

முதல் உலகப்போர்க் காலத்து ரோட்டரி எஞ்சின் இன்னும் வினோதமானது. கிராங்க்கை விமானத்தோடு பூட்டிவிட்டு, சிலிண்டர்கள் மொத்தமும் புரொப்பல்லரோடு சேர்ந்து சுற்றும். பெட்ரோலில் எளிதில் கரையாது என்பதால் விளக்கெண்ணெய்தான் அதற்கு ஆயில். ஒருமுறை உள்ளே போனது திரும்பி வராது, வெளியே தெறித்துவிடும். வேகத்தை நுட்பமாகக் குறைக்கும் வசதியும் இல்லாததால் இறங்கும்போது விமானி மின்பொறியை நிறுத்தி நிறுத்தி விடுவார். அந்த விட்டுவிட்டு வரும் உறுமலையும் விளக்கெண்ணெய் வாசத்தையும் நேரில் அனுபவிக்க இங்கிலாந்தின் ஓல்டு வார்டனில் இருக்கும் ஷட்டில்வொர்த் தொகுப்பு, நியூயார்க் மாநிலத்தின் ஓல்டு ரைன்பெக், நியூசிலாந்தின் ஓமாகா ஆகியவை நல்ல இடங்கள். ஷட்டில்வொர்த்தில் 1909-ஆம் ஆண்டின் பிளேரியோ ஒன்று, பறக்கும் நிலையில் உள்ள மிகப் பழைய விமானம். ரன்வே மேல் நேர்கோட்டில் சிறிது தூரம் எம்பி இறங்குவதோடு சரி. காற்று அடங்கினால்தான் அதையும் செய்வார்கள். பெரும்பாலும் நிகழ்ச்சியின் கடைசியில், மாலை மங்கும் நேரத்தில். கூட்டம் கலைகிறதே என்று கிளம்பிவிடாதீர்கள்.

பெரிய விமானங்களில், பறக்கும் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் உலகில் இரண்டு. ஒன்று இங்கிலாந்தின் கோனிங்ஸ்பியில் இருக்கும் பிரிட்டன் விமானப்படையின் நினைவுப் பிரிவிடம். அதில் பொதுமக்கள் ஏற முடியாது. மற்றது கனடாவின் ஹாமில்டனில். கட்டணம் செலுத்தி அதில் பறக்கலாம். கோனிங்ஸ்பிக்குப் பக்கத்திலேயே ஈஸ்ட் கிர்க்பியில் மூன்றாவது லங்காஸ்டர் தரையில் ஓடும். நான்கு மெர்லின்களும் முழங்க உள்ளே உட்கார்ந்து போகலாம். பறக்கும் பி-29 குண்டுவீச்சு விமானங்களும் இரண்டே. டெக்சாஸின் ‘ஃபிஃபி’, கான்சாஸின் ‘டாக்’. இரண்டிலும் பயணம் விற்கிறார்கள். டிக்கெட் வாங்கினால் பின்னால் ஓரிரு நாள் சேர்த்தே திட்டமிடுங்கள். குறுக்குக்காற்று, மழை, ஒரு சிலிண்டரில் கோளாறு எதுவானாலும் அன்று பறக்காது.

மரத்தால் ஆன மாஸ்கிட்டோ என்ற பிரிட்டிஷ் போர்விமானத்தில் அசலுக்கும் நகலுக்கும் உள்ள கோடு மங்கலாகிவிடுகிறது. பிர்ச் பிளைவுட் இரண்டுக்கும் நடுவே பால்சா மரம் வைத்து ஒட்டிய உடல். பசை விட்டுப்போனால் செப்பனிடுவது மிகக் கடினம். இன்று பறக்கும் பெரும்பாலான மாஸ்கிட்டோக்களுக்கு நியூசிலாந்தில் புது அச்சு செய்து புது உடல் வார்த்திருக்கிறார்கள். உலோகப் பாகங்கள் பழையவை. அப்படிப் பறந்த முதல் விமானம் வர்ஜீனியா பீச் ராணுவ விமான மியூசியத்தில் இருக்கிறது. அசல் மரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் லண்டனுக்கு வடக்கே லண்டன் கோல்னியில் டி ஹாவிலண்ட் மியூசியம். 1940 நவம்பரில் பறந்த முதல் மாதிரி விமானமே அங்கே இருக்கிறது.

சிலவற்றைத் தேடவே வேண்டாம். ‘சிவப்பு பரோன்’ எனப்பட்ட முதல் உலகப்போர் ஜெர்மன் விமானி ரிக்டோஃபென் ஓட்டிய மூன்றடுக்கு ஃபோக்கர் வகையில் ஒரு முழு அசல்கூட உலகில் இல்லை. எங்கே பார்த்தாலும் அது நகலே. போயிங் 314 கிளிப்பர் கடல்விமானமும் ஒன்றும் மிஞ்சவில்லை. அயர்லாந்தின் ஃபாயின்ஸ் மியூசியத்தில் முழு அளவு மாதிரி ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே நுழைந்து பார்க்கலாம், ஆனால் அது பறந்ததல்ல. மாறாக போயிங் 307 ஒன்றே ஒன்று உண்டு. 2002-இல் சியாட்டில் கடலில் இறங்க நேர்ந்து, மீண்டும் செப்பனிடப்பட்டு, இப்போது வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையம் அருகே உட்வார்-ஹேஸி மையத்தில் மின்னுகிறது. ஹிரோஷிமாவில் குண்டு வீசிய ‘எனோலா கே’ பி-29 விமானமும் அதே கூடத்தில்தான். நாகசாகியில் வீசிய ‘பாக்ஸ்கார்’ டேட்டன் விமானப்படை மியூசியத்தில். ஹோவர்டு ஹியூஸின் 97 மீட்டர் இறக்கை கொண்ட மரக் கடல்விமானம் 1947 நவம்பர் 2 அன்று ஒரே ஒருமுறை எழும்பியது. ஓரிகன் மாநிலத்தின் மெக்மின்வில்லில் அதன் வயிற்றுக்குள்ளேயே நடக்கலாம்.

படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. பறக்கும்போது இந்த புரொப்பல்லர்கள் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,200 முதல் 1,500 முறை சுற்றும். கேமராவில் 1/1000 விநாடி வைத்தால் பிளேடு உறைந்து, எஞ்சின் நின்றுபோன விமானம் போலிருக்கும். 1/125 வைத்தால் பிளேடு 60 முதல் 70 டிகிரி வரை நகர்ந்து அழகான சுழல்வட்டம் வரும். கை நடுங்கினால் 1/250 போதும். மொபைலில் பிளேடு வாழைப்பழம் போல் வளைந்து தெரிவது சென்சார் வரிவரியாகப் பதிவதால் வருவது. வெளிச்சமான வெயிலில் அதைத் தவிர்ப்பது கடினம்.

எதை முதலில் பார்ப்பது என்று கேட்டால், வெட்டவெளியில் நிற்பவற்றுக்கு முன்னுரிமை கொடுங்கள். கூரைக்குள் இருப்பவை இன்னும் பல பத்தாண்டுகள் இப்படியே இருக்கும். அரிசோனா பீமாவில் ஈரம் குறைவு என்பதால் வெளியில் நிற்பவையும் தாங்குகின்றன. அங்கே பி-36 குண்டுவீச்சு விமானம் முதல் கான்ஸ்டலேஷன் பயணி விமானம் வரை வெயிலில் நடந்தே பார்க்க வேண்டும், ஆகவே காலையிலேயே போய்விடுங்கள். கடலோரத்தில் அந்தச் சலுகை இல்லை. ஏர் இந்தியாவில் தொடங்கி விமானப்படை, கடற்படை என்று கைமாறிய சூப்பர் கான்ஸ்டலேஷன் கோவாவின் கடற்படை விமான மியூசியத்தில் உப்புக்காற்றில் நிற்கிறது. விசாகப்பட்டினம் கடற்கரையில் டியு-142 கடற்படை ரோந்து விமானம். ஜெட் காலத்தது என்றாலும் புரொப்பல்லர் கொண்டது. எஞ்சினுக்கு இரண்டு அடுக்காக எட்டு பிளேடு, உள்ளே ஏறிப் பார்க்கலாம். ஜப்பானின் கனோயா தளத்தில் கவானிஷி எச்8கே கடல்விமானம், அந்த வகையில் உலகில் எஞ்சியது அது ஒன்றே, அதுவும் கூரையில்லாமல்தான். மாஸ்கோ அருகே மொனினோ விமான மியூசியத்தின் நீண்ட வரிசைகளும் பனியில் நனைகின்றன. இவற்றில் ஏதாவது ஒன்று உங்கள் பயணப் பாதையில் வந்தால் அடுத்த முறைக்கு ஒத்திப்போடாதீர்கள்.